த்ரீ மைல் ஐலண்ட், 1979: காற்றுக் குழாயில் புகுந்த தண்ணீர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா ஆற்றுத் தீவு ஒன்றில் இருக்கிறது த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அதன் இரண்டாவது அலகு 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு விபத்துக்குள்ளானது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், பிரஷரைசரின் (உலை நீரின் அழுத்தத்தைக் காக்கும் தொட்டி) மேலிருந்த, அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்தபடியே நின்றுபோனதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வோடு வேலை பார்க்கிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி அதற்கும் முன்னால் இருக்கிறது. அணு உலைக்குச் சம்பந்தமே இல்லாத டர்பைன் பக்கத்தில், கம்ப்ரஸ்டு ஏர் (அழுத்திய காற்று) குழாய்க்குள் தண்ணீர் போனதுதான் முதல் நிகழ்வு. எந்த ஆலையிலும், எந்த ஷிப்டிலும் நடக்கக்கூடிய விஷயம் அது.

இந்த ஆய்வை எழுதக் காரணமும் அதுதான். காற்றில் இயங்கும் வால்வுக்கு அதன் காற்றும் ஒரு பாகம். சீட்டையும் பிளக்கையும் பேக்கிங்கையும் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறோம். அந்த வால்வுக்கு வரும் காற்றை மட்டும் யூட்டிலிட்டி பிரிவின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிரிவோ கம்ப்ரஸர் ஓடுகிறதா, ஹெடரில் (பிரதானக் காற்றுக் குழாயில்) பிரஷர் இருக்கிறதா என்பதோடு நின்றுகொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குழாய்க்கு யாரும் பொறுப்பு எடுப்பதில்லை.

டர்பைனில் வேலை முடிந்த நீராவி கண்டன்சரில் தண்ணீராகி, மறுபடி ஸ்டீம் ஜெனரேட்டருக்குப் போக வேண்டும். போகிற வழியில் அதைச் சுத்தம் செய்யும் கருவிக்குப் பெயர் கண்டன்சேட் பாலிஷர். இரண்டாவது அலகில் ரெசின் (அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) நிரப்பிய 8 பாலிஷர் தொட்டிகள் பக்கம் பக்கமாக, இணையாக இருந்தன. ரெசின் அழுக்கானால் ஒரு தொட்டியை மட்டும் தனிமைப்படுத்தி, அதிலுள்ள ரெசினைத் தண்ணீரும் காற்றும் கொடுத்து வேறொரு தொட்டிக்குத் தள்ளிப் புதுப்பிப்பார்கள். அன்றிரவு 7-ஆம் எண் தொட்டியின் ரெசின், மாற்றும் குழாயில் அடைத்துக்கொண்டது. முந்தைய ஷிப்டிலிருந்தே அந்த அடைப்பை எடுக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

ரெசினைக் கலக்கிவிடக் கொடுத்த காற்று சர்வீஸ் ஏர். சாதாரண வேலைகளுக்கான, ஹோஸ் மாட்டி எடுக்கிற காற்று. வால்வுகளை இயக்குகிற இன்ஸ்ட்ருமென்ட் ஏர் தனி அமைப்பு என்றாலும், அந்த ஆலையில் இரண்டும் குழாயால் இணைக்கப்பட்டிருந்தன. தொட்டியில் இருக்கும் தண்ணீர் காற்றுக் குழாய்க்குள் திரும்பி வராமல் தடுப்பதற்கு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தது. அது முழுதாக மூடவில்லை. தொட்டிப் பக்கத்து அழுத்தம் காற்றின் அழுத்தத்தைத் தாண்டியபோது தண்ணீர் பின்னோக்கி ஏறி, சர்வீஸ் ஏர் வழியாக இன்ஸ்ட்ருமென்ட் ஏருக்குள் போய்விட்டது. பாலிஷர்களின் வெளியேறும் பக்கத்து வால்வுகள் மூடிக்கொண்டன. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பதே விசாரணைகள் வந்தடைந்த முடிவு.

8 தொட்டிகள் இணையாக இருந்ததால் ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வால்வுகள் எல்லாவற்றுக்கும் காற்று ஒரே இடத்திலிருந்து வந்தது. காற்று கெட்டதும் எல்லாமே சேர்ந்து போயின. பாலிஷர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ் பாதை அந்தக் கணத்தில் திறந்திருக்கவில்லை. தண்ணீர் வரத்து நின்றதால் கண்டன்சேட் பம்பும், ஸ்டீம் ஜெனரேட்டருக்குத் தண்ணீர் தள்ளும் பிரதான ஃபீட் பம்புகளும் டிரிப் ஆயின, அதாவது தானாக நின்றுபோயின. ஒரு நொடி கழித்து டர்பைனும் டிரிப் ஆனது. அப்போது அலகு 97 சதவீதச் சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் இப்படி நுழைந்தது அதுதான் முதல் முறை என்றால்கூட ஆறுதல் இருக்கும். அலகு இன்னும் மின் உற்பத்திக்கு வராமல் சோதனையில் இருந்த 1977-லேயே இதே பாலிஷர் பக்கம் காற்றுக் குழாயில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டு அவகாசம் இருந்தும் அந்த இணைப்பு அப்படியே விடப்பட்டது. தவறு வெளியே தெரிந்த பிறகும் குழாய் மாறவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம்.

சரி, தண்ணீர் போனால் காற்று வால்வுக்கு என்ன ஆகிறது? ஸ்பிரிங்கும் டயாபிரமும் (காற்று தள்ளும் வளையக்கூடிய தகடு) உள்ள சாதாரண ஆக்சுவேட்டரை, அதாவது வால்வை நகர்த்தும் பகுதியை, எடுத்துக்கொள்வோம். டயாபிரத்தின் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 பார் காற்று அதன்மேல் சுமார் 4500 நியூட்டன் விசை கொடுக்கும். அந்த விசைதான் ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வின் தண்டான ஸ்டெம்மை நகர்த்துகிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது பொசிஷனர். கன்ட்ரோல் ரூமிலிருந்து வரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலையும் ஸ்டெம் உண்மையில் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டு, ஆக்சுவேட்டருக்குக் காற்றை ஏற்றியும் இறக்கியும் சரிசெய்யும். அதற்குள் இருக்கும் நாசிலின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்குதான். அதில் ஒரு துளித் தண்ணீர் நின்றாலே வால்வு சிக்னலுக்குப் பின்தங்கும், அப்புறம் ஒரேயடியாகத் தாவும். பேனலில் பார்ப்பவர் வால்வு ஹன்ட் ஆகிறது (நிலைகொள்ளாமல் ஆடுகிறது) என்று சொல்லிக் கட்டுப்பாட்டு லூப்பின் டியூனிங்கை மாற்றப் போவார். நோய் எங்கேயோ இருக்க, மருந்து வேறெங்கேயோ போகும். தண்ணீர் அதிகமானால் மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு ஒட்டிக்கொள்ளும், காற்றைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் திணறும், எக்ஸாஸ்ட் துளையில் தண்ணீர் தெறிக்கும். தண்ணீரோடு துருவும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் களிம்பு போலப் படியும். அதைக் காய்ந்த காற்றை விட்டு ஊதி எடுத்துவிட முடியாது. பொசிஷனரைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும் என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். கடலோர ஆலைகளில் இது சாதாரண நாள். மணிக்கு 1000 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரஸர் அதோடு 24 லிட்டர் தண்ணீரையும் உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றை 7 பார் வரை அழுத்தி மறுபடி 30 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 20 லிட்டர் ஆஃப்டர்கூலரிலும் (காற்றைக் குளிர்விக்கும் கருவி) ரிசீவரிலும் (காற்றுத் தொட்டி) தண்ணீராகப் பிரிந்துவிடும். மீதி 4 லிட்டர் ஆவியாகவே காற்றை உலர்த்தும் ட்ரையருக்குப் போகும். ஆக, பாலிஷர் மாதிரி வெளியிலிருந்து தண்ணீர் வர வேண்டும் என்றே இல்லை. ரிசீவரிலிருந்து தண்ணீரைத் தானாக வெளியேற்றும் ஆட்டோ ட்ரெயின் அடைத்து ஒரு ஷிப்ட் கழிந்தால் 160 லிட்டர் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும். ட்ரையர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தாங்காது.

இன்ஸ்ட்ருமென்ட் ஏரின் தரத்துக்கு ஐஎஸ்ஏ 7.0.01 என்ற அமெரிக்கத் தரநிலை உண்டு. குழாயில் இருக்கும் அழுத்தத்தில் காற்றின் பனிநிலை (ஈரம் தண்ணீராகப் பிரியத் தொடங்கும் வெப்பநிலை), அந்த ஆலையின் மிகக் குறைந்த சுற்றுப்புற வெப்பத்தைவிட 10 டிகிரியாவது கீழே இருக்க வேண்டும் என்கிறது அது. எப்படியானாலும் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தூசித் துகள் 40 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது, எண்ணெய் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குளிர்விக்கும் வகை ட்ரையர் 3 டிகிரி அளவுக்கு இறக்கும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உள்ள டெசிகன்ட் ட்ரையர் மைனஸ் 40 வரை இறக்கும். நம் ஊர் வெயிலுக்கு முதல் வகையே போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. குளிரூட்டப்பட்ட கட்டடத்துக்குள்ளும் குளிர்ந்த குழாய்களை ஒட்டியும் ஓடும் டியூபிங் எவ்வளவு குளிர்கிறது என்பதை அளந்து பார்த்த பிறகு அந்த வாதத்தை ஏற்கலாம். டெசிகன்ட் ட்ரையரிலும் ஒரு கவனம் வேண்டும். மணிகள் நொறுங்கி வரும் வெள்ளைப் பொடி, தண்ணீருக்கு இணையாகப் பொசிஷனரைக் கெடுக்கும். அதனால் ட்ரையருக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி நிறுவும் வேலை. ஹெடரிலிருந்து கிளை எடுக்கும்போது குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் ஹெடரில் ஓடும் தண்ணீர் முழுக்க முதலில் அந்த வால்வுக்குத்தான் வரும். ஹெடருக்குச் சின்னச் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில் ட்ரெயின் வால்வு வைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் ரெகுலேட்டரை வால்வுக்குப் பக்கத்திலேயே, கிண்ணமும் ட்ரெயின் திருகும் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுவது முக்கியம். இடம் போதவில்லை என்று படுக்க வைத்து மாட்டியதைப் பல இடங்களில் பார்க்கலாம். அப்படி மாட்டினால் பிரிந்த தண்ணீர் கிண்ணத்தில் தங்காமல் காற்றோடே போய்விடும். டியூபிங்கை வால்வோடு இணைப்பதற்கு முன்னால் காற்றைத் திறந்து, முனையில் வெள்ளைத் துணி பிடித்து, துணி சுத்தமாக வரும் வரை ஊத வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

பைப்லைன் பக்கத்து விதிகளைப் பலரும் அறிவார்கள். அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும், வெல்டிங் கசடு போகும் வரை வால்வுக்குப் பதிலாக ஸ்பூல் (வெறும் குழாய்த் துண்டு) வைத்து லைனைக் கழுவ வேண்டும், ஆக்சுவேட்டர் முடிந்தவரை நிமிர்ந்து நிற்க வேண்டும், டயாபிரத்தைக் கழற்றி எடுக்க மேலே இடம் விட வேண்டும். இவற்றை இங்கே விரிக்க அவசியமில்லை.

விரித்துப் பேச வேண்டியது காற்று போனால் வால்வு எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற கேள்வியை. எரிபொருள் லைனில் மூடிக்கொள்ள வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் லைனில் திறந்துகொள்ள வேண்டும் என்று வால்வு வால்வாகச் சொல்லிவிடலாம். த்ரீ மைல் ஐலண்ட் கேட்கிற கேள்வி வேறு: ஒரே ஹெடரில் தொங்கும் வால்வுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் ஃபெயில் நிலைக்குப் போனால் ஆலை என்ன ஆகும்? தொட்டிக்கு ஒரு வால்வாகப் பார்த்தால், மூடிக்கொள்வது அந்தத் தொட்டியைக் காப்பாற்றும் நியாயமான ஏற்பாடாகத் தோன்றலாம். எட்டும் மூடினால் மொத்த ஓட்டமும் நின்றுவிடும். டேட்டா ஷீட்டை வால்வுக்கு ஒன்றாகப் படிக்கிற வரை இது கண்ணில் படாது. காற்றுக் குழாயின் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கிளையிலும் என்னென்ன வால்வுகள் தொங்குகின்றன என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

டர்பைன் நின்ற பிறகு நடந்தவற்றில் இரண்டு, வால்வின் நிலையை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியவை. அவசர ஃபீட் பம்புகள் தானாக ஓட ஆரம்பித்தன. ஆனால் அவற்றின் குழாயை அடைக்க வைத்திருந்த இரண்டு பிளாக் வால்வுகளும் மூடியிருந்தன. இரண்டு நாளுக்கு முன் நடந்த சோதனைக்குப் பிறகு அவை திறக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்றே கருதப்படுகிறது. பேனலில் அவற்றுக்கு விளக்கு உண்டு. அவற்றில் ஒன்றைப் பராமரிப்பு அட்டை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. 8 நிமிடம் கழித்துத்தான் பார்த்துத் திறந்தார்கள்.

இன்னொன்று, எல்லோரும் பேசும் அந்த ரிலீஃப் வால்வு. அது காற்று வால்வு அல்ல. சோலனாய்டு பைலட் என்ற சின்ன வால்வைத் திறக்க, பிரஷரைசரின் நீராவி அழுத்தமே பிரதான வால்வைத் திறக்கும் வகை. உலையின் அழுத்தம் 155 பார் அளவைத் தொட்டபோது அது ஒழுங்காகத் திறந்தது. அழுத்தம் இறங்கி, விபத்து தொடங்கிய 13-ஆவது நொடியில் மூட வேண்டிய நேரம் வந்தது. சோலனாய்டுக்கு மின்சாரம் நின்றது, பேனலில் இருந்த விளக்கும் அணைந்தது. வால்வு மூடவில்லை. அந்த விளக்கு சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டியது. ஸ்டெம் எங்கே நிற்கிறது என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த விளக்கே ஓராண்டுக்கு முன், 1978 மார்ச்சில், மின்சாரம் போனதால் இதே வால்வு திறந்துகொண்ட ஒரு நிகழ்வுக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. இன்னொரு அலகில் இதற்கும் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 1977 செப்டம்பர் 24 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வகை வால்வு திறந்தபடி நின்றது. அங்கே உலை 9 சதவீதச் சக்தியில்தான் இருந்தது, இருபது நிமிட அளவில் கண்டுபிடித்து, அந்த ரிலீஃப் வால்வின் குழாயை அடைக்கும் பிளாக் வால்வை மூடிவிட்டார்கள்.

வால்வுக்குப் பின்னால் இருந்த குழாயின் வெப்பமானி ஏதாவது சொல்லவில்லையா? சொல்லியது. அந்தக் குழாய் 54 டிகிரியைத் தாண்டினால் பிளாக் வால்வை மூட வேண்டும் என்று ஆலையின் நடைமுறையே கூறியது. ஆனால் வால்வு பல வாரங்களாகக் கசிந்துகொண்டிருந்ததால் குழாய் எப்போதும் சூடாகவே இருந்தது. 80, 90 டிகிரி சாதாரணம் என்று பழகிப்போயிருந்தது. விபத்தன்று 140 டிகிரி காட்டியபோதும் அது பழைய கசிவாகவே தெரிந்தது. கசிவைச் சரிசெய்யாமல் ஓட்டுவதால் வரும் உண்மையான நஷ்டம் வெளியே போகும் நீராவி மட்டும் அல்ல. அந்த இடத்தில் இருக்கும் அளவீடு பேசும் சக்தியை இழந்துவிடுகிறது.

காலை 6.22-க்கு, 2 மணி 22 நிமிடம் கழித்து, புதிதாக வந்த ஒருவர் சந்தேகப்பட்டுப் பிளாக் வால்வை மூடச் சொன்னார். அதற்குள் சுமார் 1,20,000 லிட்டர் குளிர்விப்பு நீர் வெளியேறியிருந்தது. உலை மையத்தின் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது பல ஆண்டுகள் கழித்து உள்ளே பார்த்தபோதுதான் உறுதியானது. சுத்தம் செய்யும் பணி 1993 வரை நீடித்தது.

அப்போதைய அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமைத்த, ஜான் கெமெனி தலைமையிலான ஆணையம் 1979 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. உலையை இயக்குகிறவர்களின் பயிற்சி, கன்ட்ரோல் ரூம் வடிவமைப்பு, நிர்வாகம் என்று அதன் விமர்சனம் அகலமானது. அணு ஒழுங்குமுறை ஆணையம் ரிலீஃப் வால்வுகளுக்கு உண்மையான நிலையை நேரடியாகக் காட்டும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. காற்றின் முறை வர இன்னும் ஒன்பது ஆண்டு ஆனது. 1988 ஆகஸ்டில் அதே ஆணையம் எல்லா அணுமின் நிலையங்களுக்கும் அனுப்பிய 88-14 என்ற பொதுக் கடிதம் முழுக்க இன்ஸ்ட்ருமென்ட் ஏரைப் பற்றியது. காற்றின் தரம் வால்வுத் தயாரிப்பாளர் கேட்கும் அளவுக்கு இருக்கிறதா என்று சோதித்துக் காட்டுங்கள், காற்று போனால் வால்வுகள் நினைத்தபடி நடக்கின்றனவா என்று சோதனை மூலம் சரிபாருங்கள் என்றது அது.

அணு உலை இல்லாத ஆலைக்கும் இவை அப்படியே பொருந்தும். சர்வீஸ் ஏரை எந்தத் தண்ணீர்த் தொட்டியோடும் நிரந்தரமாக இணைத்து வைக்கக் கூடாது என்பதை நான் முதலில் சொல்வேன். வேலைக்கு மட்டும் ஹோஸ் மாட்டி, முடிந்ததும் கழற்றி விடலாம். நிரந்தர இணைப்பு தவிர்க்க முடியாததானால் இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வுகளை வரிசையாக வைத்து, நடுவில் ஒரு ப்ளீட் (சிறு வடிகால் வால்வு) வைக்கலாம். ஷட்டவுனில் காற்றுப் பக்கத்தை அடைத்து, அந்தப் பக்கத்து அழுத்தத்தை இறக்கி, தொட்டிப் பக்கம் அழுத்தம் கொடுத்து ப்ளீடைத் திறந்தால், கசிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நான்-ரிட்டர்ன் வால்வை மாட்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது ஒட்டியிருக்கிறது என்று சொல்ல அலாரமும் கிடையாது. சர்வீஸ் ஏருக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஏருக்கும் நடுவே அவசரத்துக்கு என்று வைத்த குறுக்கு வால்வு பூட்டி இருக்கட்டும், சாவி ஷிப்ட் இன்சார்ஜிடம் இருக்கட்டும். இணைத்தே ஆக வேண்டுமானால் ட்ரையருக்கு முன்னால் இணைக்க வேண்டும், பின்னால் அல்ல.

வால்வின் நிலையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் ஸ்டெம்மிலோ ஷாஃப்ட்டிலோ தொட்டு எடுத்ததாக இருக்க வேண்டும். சோலனாய்டின் மின்சாரத்தையோ பொசிஷனருக்குப் போகும் சிக்னலையோ திரையில் வால்வின் நிலை என்று காட்டியிருந்தால், அதைத் திருத்துவது அடுத்த ஷட்டவுனின் முதல் வேலையாக இருக்கட்டும். லூப் செக் செய்யும்போது 0, 25, 50, 75, 100 என்று சிக்னல் கொடுத்து, ஒருவர் வால்வு பக்கத்திலேயே நின்று ஸ்கேலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏறும்போது பார்த்ததை இறங்கும்போதும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அதிகமானால் பேக்கிங் இறுகியிருக்கிறது அல்லது லிங்கேஜ் தேய்ந்திருக்கிறது.

கடைசியாக ஃபெயில் சோதனை. பெரும்பாலான இடங்களில் வால்வுக்குப் போகும் காற்றைச் சட்டென்று அடைத்து, ஸ்பிரிங் அதைத் தள்ளுகிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஆலையில் காற்று அப்படிப் போவது குறைவு. கம்ப்ரஸர் ஒன்று நின்று, ஹெடர் 7 பாரிலிருந்து 5-க்கும் 4-க்கும் மெல்ல இறங்கும். அப்போது சில வால்வுகள் முதலில் தளரும், சில பிடித்துக்கொண்டே இருக்கும், சில பாதியில் நின்று அதிரும். அதனால் ஷட்டவுனில் ஒரு கிளையைத் தனிமைப்படுத்தி, ட்ரெயின் வழியாக அழுத்தத்தை அரை அரை பாராக இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் அந்தக் கிளையின் எல்லா வால்வுகளும் எங்கே நிற்கின்றன என்று எழுதிக்கொள்வது நல்லது. எந்த வால்வு எந்த அழுத்தத்தில் முதலில் விடுகிறது என்ற அந்த ஒரு பக்கப் பட்டியலை, குறைந்த காற்றழுத்த அலாரத்தின் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வால்வு நகர்ந்த பிறகுதான் அலாரம் அடிக்கிறது என்றால் அலாரத்தின் அளவை உயர்த்திவிட்டு, அந்தத் தாளை கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்கலாம்.